மீசைக்குப் பின்னால் ஒரு முகம்

ஜெயகாந்தனை வரைவது எளிது என்றுதான் நினைத்தேன். பின்னால் வாரிவிட்ட நீள முடி, முறுக்கிய மீசை, கண்ணாடி. இந்த மூன்றையும் ஒரு கரித்துண்டால் சுவரில் இழுத்தால் போதும், கதை படிக்கிற யாரும் பார்த்தவுடன் ஜேகே என்று சொல்லிவிடுவார்கள். அந்த எளிமையை நம்பியதில் எனக்கு மூன்று வாரமும் ஒரு கேன்வாஸும் போயின.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன் இல்லை. பதினேழு வயதில் கடலூரில் ஒரு சினிமா பேனர் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதல் வருஷம் முழுக்கக் காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடிப்பது, வஜ்ரப் பசை காய்ச்சுவது, பவுடர் கலரை எண்ணெயில் குழைப்பது. அப்புறம் எழுத்து. அப்புறம் சட்டை, புடவை, மலை, மேகம். முகத்தைத் தொட விட ஐந்து வருஷம் ஆனது. அதுவரை முகம் மேஸ்திரிக்கு மட்டும்தான். ஃபிளெக்ஸ் வந்ததும் கம்பெனியை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து கடைப் பலகை, பள்ளிக்கூடச் சுவர், கோயில் மதில், இறந்துபோனவர்களின் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்து வீட்டில் மாட்டப் பெரிதாக வரைந்து கொடுப்பது, இப்படித்தான் ஓடுகிறது.

ஒரு பொங்கல் முடிந்த வாரம் ஊரில் உள்ள வாசகர் வட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சின்ன வாசகசாலை ஒன்று நடத்துகிறார்கள். “அண்ணே, ஜெயகாந்தன் பிறந்தநாளுக்கு ஒரு படம் திறக்கணும். பிரிண்ட் வேணாம், கையால வரைஞ்சதா இருக்கணும்” என்றார்கள். ஜெயகாந்தன் பிறந்தது எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில், 1934 ஏப்ரல் 24. முருகேசன் என்று பெயர் வைத்த அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, விழுப்புரத்தில் மாமா வீட்டுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போய், கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து எழுத்தாளராகி, 1972-இல் சாகித்ய அகாதெமியும், 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீடமும் வாங்கியவர். அவர் பிறந்த பேட்டையில் பிழைக்கிற நான் அவரை வரையாவிட்டால் யார் வரைவது? கூலியைப் பற்றி இரண்டாவது வார்த்தை பேசவில்லை. சாமான் செலவை மட்டும் தனியாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டேன். இதை எல்லோருக்கும் சொல்வேன்: அன்பில் செய்கிற வேலையாக இருந்தாலும் துணி, வண்ணம், சட்டம் மூன்றுக்கும் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். இல்லையென்றால் பாதி வேலையில் மட்டமான வெள்ளையை வாங்கிவிடுவோம்.

முதல் பிரச்சினை, எந்த ஜெயகாந்தன்? வட்டத்தில் இருந்த இளைஞர்களுக்கு வெள்ளை முடியோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் கடைசிக்கால முகம்தான் தெரியும். பெரியவர்கள் அறுபதுகளில் மேடையில் பார்த்த கறுப்பு மீசைக்காரரைக் கேட்டார்கள். யாரோ ஒருவர் இரண்டையும் கலந்து, முகம் இளமையாகவும் முடி நரைத்தும் போடலாமே என்றார். அந்த யோசனையை மட்டும் எப்போதும் ஏற்காதீர்கள். வயது முடியில் மட்டும் இருப்பதில்லை. மூக்கின் நுனி தாழ்வது, காது மடல் நீள்வது, மேல் இமையின் தோல் கண் மேல் மடங்கி இறங்குவது, தாடைக்குக் கீழே சதை தளர்வது எல்லாம் சேர்ந்துதான் வயது. நாற்பதின் கன்னத்தில் எழுபதின் முடியை வைத்தால் நாடக மேடையில் மாவு பூசி வந்த நடிகர் மாதிரி ஆகிவிடும். கடைசியில், முடி பெரும்பகுதி நரைத்து, மீசையில் கொஞ்சம் கறுப்பு மிச்சமிருக்கிற வயதை நானே முடிவு செய்தேன். பேசி முடித்த வாழ்க்கையும் தெரிய வேண்டும், இன்னும் பேச இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

புத்தக அட்டை, வாரப் பத்திரிகை, இணையம் என்று நாற்பது படங்களுக்குமேல் சேர்த்து, பிரிண்ட் போட்டு, வீட்டுத் தரையில் வயது வரிசையாகப் பரப்பினேன். நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்தவற்றை முதலில் ஒதுக்கினேன். அதில் முகம் தட்டு மாதிரி இருக்கும், மூக்குக்கு நிழலே இருக்காது. மிகக் கிட்டத்தில் வைத்து எடுத்தவற்றையும் ஒதுக்கினேன். அதில் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஓடிவிடும். மிஞ்சியது பதினொன்று. வெளிச்சத்துக்கு ஒரு படத்தையும், மண்டை அமைப்புக்கு மற்ற பத்தையும் வைத்துக்கொண்டேன். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வந்தால்தான் முகம் நிற்கும். பத்துப் படத்தின் நிழலையும் அள்ளிப் போட்டால் முகம் குழம்பிவிடும். அந்த வெளிச்சப் படத்தை எடுத்த போட்டோகிராபரைத் தேடிப் பிடித்து அனுமதி கேட்டேன். பார்த்து வரைந்துகொள்ளுங்கள், அப்படியே நகல் எடுக்காதீர்கள் என்றார். இந்த ஒரு போனைச் செய்யாமல் விடுகிறவர்கள் நம் தொழிலில் அதிகம். படம் எடுத்தவருக்கும் அது ஒரு வேலை.

அப்புறம் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். போட்டோவில் கட்டம் போட்டு, கேன்வாஸில் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் ஏற்றி, மூன்றாம் நாளே முகம் வந்துவிட்டது. நிழலில் சிவப்பு, விளிம்பில் ஒரு நீல வெளிச்சம், கண்ணில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளி, மீசை முறுக்கில் இரண்டு வீச்சு. தோளை அகலமாக்கி, கீழேயிருந்து பார்ப்பதுபோல நெஞ்சை நிமிர்த்தினேன். ஆள் உயரம் குறைவானவர் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை பழகியபடிதான் போயிற்று. மூன்று வாரம் முடிந்தபோது படத்தை வாசலில் வைத்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, “ஜெயகாந்தன்!” என்றார்கள். எனக்கு நிறைவாக இருந்தது.

வட்டத்திலிருந்து பார்க்க வந்தவர்களில் ஒரு டீச்சர் இருந்தார். ஓய்வு பெற்றவர். கல்லூரிக் காலத்திலிருந்து ஜெயகாந்தனை வரி வரியாகப் படித்தவர். படத்தின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து வந்து, வண்ணத்தைத் தொடாமல், கட்டை விரலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி மீசையை மறைத்தார். இன்னொரு கையால் முடியை மறைத்தார்.

“தம்பி, இங்க வந்து நின்னு பாருங்க. இது யாரு?”

நான் அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் செய்ததுபோலவே விரலைத் தூக்கிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. ஏதோ ஒரு நடுவயது ஆண். நான் இருபது வருஷமாக வரைந்த எந்தப் பட வில்லனின் கன்னமும் தாடையும் வேண்டுமானாலும் அதுவாக இருக்கலாம். மீசையும் முடியும்தான் ஜெயகாந்தன். முகம் யாருடையதோ.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். “மீசையைப் பார்த்தா கோபக்காரர்னு தோணும். கோபக்காரர்தான். ஆனா ஹென்றியை எழுதினவரு வெறும் கோபக்காரரா இருக்க முடியுமா? அந்த ஆளு எங்க?” ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலில், வளர்ப்புத் தந்தையின் ஊரையும் வீட்டையும் தேடிக்கொண்டு வருகிற அந்த ஹென்றியை எனக்கும் தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் தூரிகை பிடித்த நாட்களில் ஒருமுறைகூட அவன் நினைவு எனக்கு வரவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பேனர் என்பது ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிறவனுக்கு. இரண்டு விநாடியில் அவன் அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முடியும் மீசையும் போதும், அதற்குமேல் போட்டால் வீண். வாசகசாலையில் மாட்டுகிற படம் அப்படி இல்லை. ஒருவர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எதிரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நடுநடுவே தலையைத் தூக்குவார். அப்போது பார்க்க அங்கே ஒரு மனிதர் இருக்க வேண்டும். இருபது வருஷம் செய்த தொழிலில் எதைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

விடிந்ததும் முதல் கேன்வாஸைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பழைய ரஷ்ய ஓவியப் புத்தகத்தை எடுத்தேன். சோவியத் புத்தகங்கள் மலிவாகக் கிடைத்த காலத்தில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் புத்தகக் கண்காட்சியில் வாங்கியது. அதில் ஓவியர் பெரோவ் 1872-இல் வரைந்த தஸ்தயேவ்ஸ்கி இருக்கிறது. எழுத்தாளர் உருவப்படம் என்றால் எனக்கு அதுதான் பாடம். பின்னால் புத்தக அலமாரி கிடையாது, கையில் பேனா கிடையாது, மேசைகூடக் கிடையாது. இருட்டான பழுப்பில் ஒரு ஆள் பழைய கோட்டோடு உட்கார்ந்து, இரண்டு கை விரல்களையும் பின்னி முழங்காலைக் கட்டியிருக்கிறார். நம்மைப் பார்க்கவில்லை. வெளிச்சம் நெற்றியிலும் கையிலும் மட்டும். தாடி இருக்கிறது, தாடியை விரலால் மறைத்துப் பார்த்தேன். அப்போதும் அவர் அவராகவே இருந்தார்.

அதன்பின் பத்து நாள் தூரிகையைத் தொடவில்லை. ரவிசுப்பிரமணியன் ஜெயகாந்தனைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தையும், கிடைத்த மேடைப் பேச்சுகளையும் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். சத்தம் இருந்தால் அந்தக் குரல் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், முகத்தைப் பார்க்க விடாது. சத்தம் இல்லாமல் பார்த்தபோது போட்டோவில் பிடிபடாத ஒன்று கண்ணில் பட்டது. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் கண்ணோரம் சற்றே இடுங்கும். முகம் கேட்கிற முகமாக ஆகும். முழங்குகிற முகத்தைத்தான் எல்லோரும் போட்டோ எடுத்திருக்கிறார்கள். நான் அந்த நிறுத்தத்தை வரைய வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த ஒரு நொடியை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நோட்டில் பென்சிலால் சின்னச் சின்னதாகக் குறித்து வைத்தேன்.

பிறகு கரியால் வெறும் முகம். மீசை இல்லாமல், கண்ணாடி இல்லாமல், முடி இல்லாமல். நெற்றி மேடு, கண்குழி, கன்ன எலும்பு, மூக்கின் பக்கச் சரிவு, வாய், தாடை. பதினான்கு தாள் கிழிந்தது. ஒவ்வொன்றையும் தலைகீழாக வைத்துப் பார்ப்பேன், கண்ணாடியில் காட்டிப் பார்ப்பேன். நம் கண் ஒரு தப்புக்குப் பழகிவிட்டால் அது தப்பாகவே தெரியாது. திருப்பிப் போட்டால் உடனே தெரியும். எனக்கு எப்போதும் இடது கண் அரை நூல் மேலே ஏறிவிடும். பேனரில் முப்பதடி தூரத்தில் யாருக்கும் தெரியாது. இங்கே தெரியும்.

மீசையில் ஒரு சிக்கல் இருந்தது. அது முகத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு உண்மையில் தெரியவில்லை. இருபது வருஷம் மீசை போட்டவனுக்கு! தெருமுனை டீக்கடைக்காரர் நல்ல மீசை வைத்திருப்பவர். மதியம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் ஜன்னல் ஓரம் உட்காரச் சொல்லிக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மீசை உதட்டின் மேல் ஒட்டிய பட்டை இல்லை. மூக்குத் துவாரத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் மேடாகத் தொடங்கி, மேலுதட்டின் வளைவை ஒட்டி இறங்கி, வாயோரத்தில் கன்னத்தைவிட்டு வெளியே கிளம்பிவிடுகிறது. கிளம்பிய முனைக்குத் தனி வெளிச்சம், அதன் நிழல் கன்னத்தில் தனியாக விழுகிறது. அடியில் உதட்டின்மேல் ஒரு மெல்லிய நிழல் இருக்கிறது. அந்த நிழல்தான் மீசைக்குக் கனம் கொடுக்கிறது. அவர் பேசும்போது மீசை அசைவதில்லை, கீழே இருக்கிற தசை அசைந்து மீசையைத் தூக்குகிறது. வாயைச் சரியாகப் போடாமல் மீசையைப் போட்டால் அது ஒட்டு மீசையாகத்தான் தெரியும். இருபது நிமிஷம் உட்கார்ந்தார். அவருக்கு இன்னும் ஒரு படம் கடன்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது கேன்வாஸ் பிப்ரவரி கடைசியில். மூன்றடி உயரம், இரண்டரை அடி அகலம். கடையில் விற்கும் தயார் கேன்வாஸுக்கு மேல் நானே இன்னும் இரண்டு பூச்சு வெள்ளை பிரைமர் அடித்து, நடுவில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நெசவு முகத்தில் தெரியக் கூடாது. அதன்மேல் பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, ஒரே நிறத்தில் முகம் முழுவதையும் வெளிச்சம், நடு, நிழல் என மூன்றே படியில் போட்டு முடித்தேன். கண்ணை இடுக்கிப் பார்த்தால் அந்த மூன்றும் தெளிவாகப் பிரிய வேண்டும். பிரியவில்லை என்றால் மேலே எவ்வளவு வண்ணம் ஏற்றினாலும் முகம் நிற்காது. அம்பர் சீக்கிரம் காயும். இரண்டு நாளில் மேலே வேலை செய்யலாம். ஐவரி பிளாக் என்கிற கறுப்பில் அடிப்பூச்சு போட்டால் காய வெகுநாள் ஆகும், மேல் வண்ணம் பின்னால் வெடிக்கும். அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக எண்ணெய் கூடுதல், இந்த வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. கடற்கரை ஊரில் காற்றில் எப்போதும் ஈரம். எங்கே இரண்டு நாள் என்று எழுதியிருக்கிறதோ அங்கே மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

தோல் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘ஃபிளெஷ் டின்ட்’ என்று ஒரு டியூப் விற்கிறார்கள். அது நம் ஆட்கள் யாருடைய நிறமும் இல்லை. அதை வாங்கி அதில் பழுப்பைக் கலப்பதைவிட வாங்காமல் இருப்பது மேல். மாநிறத் தோலுக்கு நான் ரா சியன்னா, பர்ன்ட் சியன்னா, இந்தியன் ரெட், அல்ட்ராமரைன் நீலம் இந்த நான்கை வைத்துக்கொண்டேன். வெளிச்சம் வேண்டும் என்று வெள்ளையை மேலும் மேலும் கலந்தால் தோல் சாம்பல் பூத்துப் போகும்; பேனரில் அதை மறைக்கத்தான் ரோஸ் போடுவோம். வெள்ளையோடு துளி மஞ்சள் ஓக்கரும் சேர்த்தால் சூடு நிற்கும். நெற்றி கொஞ்சம் மஞ்சள் சாய்வு, கன்னம் மூக்கு காது சிவப்புச் சாய்வு, மீசைக்குக் கீழே தாடைப் பக்கம் நீலப் பச்சைச் சாய்வு. இந்த வித்தியாசம் மிக மெல்லியது. தனியாகப் பார்த்தால் தெரியாது. இல்லாவிட்டால் முகம் களிமண்ணாகத் தெரியும்.

நரைத்த முடி வெள்ளை இல்லை. இதை எழுதி மாட்டி வைக்கலாம். நான் போட்ட முடியில் சுத்த வெள்ளை நெற்றிக்கு மேலே ஒரு கட்டை விரல் அகலத்தில் மட்டும். மற்றதெல்லாம் சாம்பல், நீலம், இளம்பழுப்பு. ஒவ்வொரு மயிராக இழுப்பது பேனர்க் கையின் ஆசை. அதை அடக்கி, முழு முடியையும் ஒரே மேகத் திரளாகப் போட்டு, விளிம்பில் பத்துப் பன்னிரண்டு இழை மட்டும் பிரித்துவிட்டேன். வெள்ளை ஜிப்பாவை வேண்டுமென்றே முடியைவிட ஒரு படி மங்கலாக வைத்தேன். இல்லாவிட்டால் கண் சட்டைக்குப் போய்விடும்.

கண்ணாடி போட்டவர்களை வரைகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணாடிக்குள் தெரிகிற கன்ன விளிம்பு, வெளியே இருக்கிற கன்ன விளிம்போடு நேராகச் சேராது. லென்ஸின் பவருக்குத் தக்கபடி உள்ளே தள்ளியோ வெளியே தள்ளியோ உடைந்து தெரியும். அந்த உடைவைப் போட்டால் அது லென்ஸ். போடாவிட்டால் வெறும் கம்பி வளையம். அதேபோல, ஃபிரேமின் நிழல் கண்ணுக்குக் கீழே விழும். அதையும் விடக் கூடாது. கண்ணாடியின் பளபளப்பை ஒரு பக்கம் மட்டும், அதுவும் கண்மணியைத் தொடாமல் வைத்தேன்.

கைக்கு ஒன்பது நாள். இளைஞர்கள் விரலை உயர்த்திப் பேசுகிற மாதிரிக் கேட்டார்கள். புகைக்கிற படம் நன்றாக இருக்கும் என்றும் ஒருவர் சொன்னார். பிள்ளைகள் வந்து படிக்கிற இடம், வேண்டாம் என்றேன். ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டின் மேல் சும்மா படிந்திருக்கிற மாதிரி வைத்தேன். அந்த நிலையில் அவர் கை தெளிவாகத் தெரிகிற போட்டோ கிடைக்கவில்லை. என் மாமனாரை உட்கார வைத்து நரம்பையும் தோல் சுருக்கத்தையும் பார்த்து, விரல்களின் நீளத்தை மட்டும் ஜெயகாந்தன் படங்களோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டேன். இதை வட்டத்தாரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்தியிருக்கும்.

தோளை அவருக்கு உரிய அளவுக்குக் குறைத்தேன். கண் மட்டத்திலிருந்து பார்க்கிற மாதிரி வைத்தேன், நிமிர்ந்து பார்க்கிற மாதிரி இல்லை. ரிக்‌ஷாக்காரரையும் சேரிக்காரரையும் எழுதியவரை அண்ணாந்து பார்க்க வைப்பது சரியாக எனக்குப் படவில்லை. உயரம் குறைந்ததும், ஆச்சரியம், முகத்துக்குக் கனம் கூடியது.

மீசையைக் கடைசியாகப் போட்டேன். ஏப்ரல் முதல் வாரம். அதற்கு முந்தின நாள் டீச்சரை வரச் சொன்னேன். மீசை இல்லாத முகத்தை, உதட்டின் மேல் வெறும் பழுப்பு நிழலோடு, அப்படியே காட்டினேன். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். “வாய் இன்னும் கொஞ்சம் இறுக்கமா இருக்கு தம்பி” என்றார். வாயோரத்தில் ஒரு நெல் அகலத்துக்கு நிழலைத் துடைத்தேன். தலையை ஆட்டினார். “இப்ப மீசையை வைங்க.”

ஒரு மணி நேரத்தில் மீசை முடிந்தது.

மாட்டுகிற வேலையிலும் சில விஷயங்கள் உண்டு. நம் ஊரில் படம் என்றால் மாலை உண்டு, சந்தனப் பொட்டு உண்டு. கண்ணாடி போட்ட போட்டோவுக்குச் சரி. ஆயில் பெயின்டிங்கில் சந்தனத்தை அப்பினால் அது வண்ணத்துக்குள் போய்விடும், துடைத்தால் நெற்றித் தோலோடு வரும். எனக்கு இது முன்பு ஒரு வீட்டுப் படத்தில் நடந்திருக்கிறது. பெரியவர் ஒருவரின் முகத்தை நெற்றி மட்டும் மறுபடி போட்டேன், பழைய நிறம் வரவே இல்லை. அதனால் இந்தத் தடவை சட்டத்துக்கு மேலே சுவரில் இரண்டு அங்குலம் தள்ளித் தனிக் கொக்கி அடித்து, மாலை கேன்வாஸைத் தொடாமல் சட்டத்துக்கு வெளியே இறங்கும்படி செய்தேன். பொட்டு வைக்க விரும்புகிறவர்கள் சட்டத்தின் கீழ்க் கட்டையில் வைக்கலாம் என்று விழாவுக்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், யாரும் வருத்தப்படவில்லை. முன்னால் கண்ணாடி போட வேண்டும் என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். வார்னிஷ் ஆறு மாதம் கழித்து நானே வந்து அடித்துத் தருவதாகச் சொன்னேன். காயாத வண்ணத்தின் மேல் வார்னிஷ் அடித்தால் இரண்டும் சேர்ந்து இழுத்து வெடிக்கும். டியூப் லைட் படத்தில் பளபளக்காமல் இருக்க, மேல் பக்கத்தை ஒரு அங்குலம் முன்னால் சாய்த்து மாட்டினேன். கண்கள், உட்கார்ந்து படிக்கிறவர் தலை தூக்கினால் நேராகத் தெரிகிற உயரத்தில். விழா மேடைக்கு ஏற்ற உயரத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள். விழா ஒரு நாள், படிப்பு மற்ற நாளெல்லாம்.

24-ஆம் தேதி திறந்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கூட்டம் இல்லாத நேரத்தில் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஏதோ நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தான். நடுவில் பேனாவைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்கினான். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான், திரும்பக் குனிந்து எழுதினான். அவன் போனபின் நான் முன்னால் போய்க் கட்டை விரலைத் தூக்கி மீசையை மறைத்துப் பார்த்தேன். வலது கன்ன எலும்புக்குக் கீழே ஒரு நிழல் இன்னும் கூடுதல்தான். மற்றபடி அவர் இருந்தார்.

கெடிலம் ஆற்றுக்கு அந்தக் கரையில் திருப்பாதிரிப்புலியூர். புதுமைப்பித்தன் அங்கே பிறந்தவர். 1906 ஏப்ரல் 25. இருவர் பிறந்தநாளும் அடுத்தடுத்த நாள் என்பதை வட்டத்தில் யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, அடுத்த வருஷத்துக்கு அவர் படம் என்று முடிவாகிவிட்டது. ஜெயகாந்தனுக்கு நாற்பது படம் தரையில் பரப்பினேன். புதுமைப்பித்தன் 42 வயதில், 1948-இல் போய்விட்டார். கிடைக்கிற போட்டோக்கள் கொஞ்சம், எல்லாம் கறுப்பு வெள்ளை. இப்போதைக்கு மூன்று பிரிண்ட் மேசையில் இருக்கின்றன. இன்னும் கட்டம் போடவில்லை. டீச்சர் கொடுத்த கதைத் தொகுதியில் பாதி முடித்திருக்கிறேன்.